தி பேட்மேன்: 8 வயசில பாதியில எழும்பி வந்த படத்த 12 வயசில முழுசாப் பாத்தம்

2022 மார்ச்ல தி பேட்மேன் கொழும்புக்கு வந்த நேரம் எங்கட வீட்டில பெரிய கொண்டாட்டம். மகனுக்கு அப்ப 8 வயசு, மகளுக்கு 12. மகன்ட ஸ்கூல் பேக்ல பேட்மேன், தண்ணிப் போத்தல்ல பேட்மேன், மாமா வாங்கிக் குடுத்த பிஜாமாவில நெஞ்சுக்கு நேர மஞ்சள் வட்டத்துக்குள்ள வவ்வால், அத தோய்க்கப் போட விடமாட்டான். அவனுக்குத் தெரிஞ்ச பேட்மேன் கார்ட்டூன்ல வாற பேட்மேன் மட்டும்தான். அந்த மாசம் கொழும்பு இருந்த நிலைமை உங்களுக்குத் தெரியும், கரண்ட் கட், பெற்றோல் கியூ, காஸ் கியூ, பிள்ளையள் வெள்ளவத்தை ஃப்ளாட்டுக்குள்ள அடைஞ்சு வாடிப்போய் கிடந்ததுகள், சரி ஒரு மூண்டு மணித்தியாலம் ஏசிக்குள்ள இருந்து சந்தோசமா ஒரு படத்தப் பாத்திட்டு வரட்டும் எண்டு நாலு டிக்கெட் எடுத்தன். டிரெய்லர் கூட பாக்கேல்ல. பேட்மேன்தானே எண்டு நினைச்சன். கவுண்டர்ல இருந்தவரும் பிள்ளைக்கு என்ன வயசு எண்டு கேக்கேல்ல, உள்ள டிக்கெட் கிழிச்சவரும் கேக்கேல்ல, ஆனா பிழை அவையளிலயில்ல, கூட்டிக்கொண்டு போனது நான்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு கட்டத்தில அவன தூக்கிக்கொண்டு வெளியில வந்திட்டன். இப்ப அவனுக்கு 12 வயசு, போன கிழமை தானா வந்து "அம்மா, அந்தப் படத்த இப்ப முழுசாப் பாப்பமா" எண்டு கேட்டான். நாலு பேரும் வீட்டில இருந்து திரும்பப் பாத்தம். ஒரே படத்த ஒரே பிள்ளையோட ரெண்டு வயசில பாத்த அம்மாவா இத எழுதுறன், ஏனெண்டா இந்தப் படத்த பிள்ளைக்கு காட்டலாமா எண்டு கேக்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம், அடுத்த பாகமும் வரப்போகுது, அதுக்கு முதல் இத வீட்டில போட்டுக் காட்டத்தான் எல்லாரும் யோசிப்பினம்.

முதல்ல படத்தப் பத்தி. மாட் ரீவ்ஸ் டைரக்ட் பண்ணினது, ராபர்ட் பேட்டின்சன் பேட்மேன், 176 நிமிசம் ஓடும். இது சூப்பர் ஹீரோ படம் எண்டு சொல்றத விட ஒரு துப்பறியும் படம் எண்டு சொன்னா சரியா இருக்கும். புரூஸ் வெய்ன் பேட்மேனா சுத்தத் தொடங்கி ரெண்டாவது வருசம். ரிட்லர் எண்ட ஒருத்தன் ஊர்ல பெரிய பதவியில இருக்கிற ஆக்கள ஒவ்வொருத்தராக் கொல்றான், கொன்ற இடத்தில பேட்மேனுக்கு எண்டு ஒரு கார்ட்டும் ஒரு விடுகதையும் வைச்சிட்டுப் போறான். படம் முழுக்க இரவு, முழுக்க மழை. கிரெய்க் ஃப்ரேசர்ட கமரா, அந்த செம்மஞ்சள் தெருலைட்ல நனைஞ்சு கிடக்கிற நகரம், மைக்கேல் ஜியாகினோட அந்த நாலு நோட் மியூசிக் அடிக்க அடிக்க சப்பாத்துச் சத்தத்தோட இருட்டுக்குள்ள இருந்து அவர் நடந்து வாற விதம், எனக்கு இப்பவும் மயிர் கூச்செறியுது. பெங்குவின் எண்ட வில்லனா வாறது கொலின் ஃபாரல் எண்டு மகள் சொல்லும் வரைக்கும் எனக்குத் தெரியாது, அவ்வளவுக்கு மேக்கப் போட்டிருக்கினம், அந்த மேக்கப்புக்கு ஆஸ்கார் நொமினேசனும் கிடைச்சது. நெடுஞ்சாலையில அந்தக் கார் துரத்தல் முடிஞ்சு, நெருப்புக்கு முன்னால தலைகீழா அவர் நடந்து வாற காட்சிக்காகவே பெரிய ஆக்கள் இந்தப் படத்தப் பாக்கலாம். எனக்கு இது மிகவும் பிடிச்ச படம், அதில ஒரு சந்தேகமும் இல்ல. பிள்ளைக்குப் பொருந்துமா எண்டதுதான் கேள்வி.

பொதுவா ஒரு படத்த பிள்ளைக்குக் காட்டலாமா எண்டு கேட்டா நாங்கள் உடன ரத்தம் இருக்கா, கெட்ட வார்த்தை இருக்கா, அப்பிடி இப்பிடி சீன் இருக்கா எண்டுதான் பாப்பம். அந்தக் கணக்கில பாத்தா இந்தப் படம் அவ்வளவு மோசமில்ல. ரத்தம் பெரிசாக் காட்டேல்ல, கெட்ட வார்த்தை இருக்கு ஆனா சின்னப் பிள்ளையள் கவனிக்காதுகள், சீன் எண்டு சொல்ல ஒண்டுமில்ல, ஒரு கிளப், கண்ணுக்குள்ள விடுற ஒரு போதை மருந்து, அவ்வளவுதான். என்ர பிள்ளை பயந்தது இதுகள் ஒண்டுக்கும் இல்ல.

படம் தொடங்கிறதே யாரோ பைனாகுலரால ஒரு வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கிறதோட. அந்த ஆள் மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்கும். வீட்டுக்குள்ள ஒரு சின்னப் பொடியன், ஹலோவீனுக்கு சிவப்பு நிஞ்சா உடுப்புப் போட்டு, விளையாட்டு வாளால அப்பாவக் குத்துற மாதிரி விளையாடுறான். அப்பா செத்து விழுற மாதிரி நடிக்கிறார். என்ர மகன் அந்த இடத்தில சிரிச்சவன், அவனும் தகப்பனோட அப்பிடித்தான் விளையாடுறவன். அந்த அப்பாதான் ஊர் மேயர். அதுக்குப் பிறகு பிள்ளையும் தாயும் வெளியில போக, மேயர் தனிய டீவி பாத்துக்கொண்டு நிக்கிறார். ஹோல் முழுக்க இருட்டு. அவருக்குப் பின்னால இருட்டுக்குள்ள ரிட்லர் நிக்கிறான். எப்ப வந்தவன், எப்பிடி வந்தவன் எண்டு ஒண்டும் இல்ல, முதலே அங்க நிண்டிருக்கிறான், எங்கட கண்ணுக்கு மெதுவாத்தான் தெரிய வரும். பிறகு அடி, பிறகு அந்த டேப்ப சர்ர்ர் எண்டு இழுக்கிற சத்தம். படம் தொடங்கி பத்து நிமிசம் கூட ஆகேல்ல, மகன்ட கை என்ர கைக்குள்ள வேர்த்து ஈரமாப் போச்சு.

பொலிஸ் வந்து நிக்கிற நேரம் பேட்மேன் அந்த வீட்டுக்குள்ள வாறார். பிரேதத்த முதல் கண்டது பிள்ளைதானாம் எண்டு கதைக்கினம். தூரத்தில அந்தப் பொடியன் இருக்கிறான், பேட்மேன் அவன ஒரு கணம் பாக்கிறார். பெரிய ஆக்கள் எங்களுக்கு விளங்கும், புரூசும் சின்ன வயசில தாய் தகப்பன் சாகிறதக் கண்ட பிள்ளை, அவர் அந்த இடத்தில தன்னைத்தான் பாக்கிறார் எண்டு. அருமையான காட்சி. என்ர மகனுக்கு அது எதுவும் தேவைப்படேல்ல. அக்காட காதுக்குள்ள "அந்தப் பொடியன் தனியவா கண்டவன்" எண்டு கேட்டான். மகள் ஓம் எண்டு சொல்லியிருக்கிறாள். அண்டையில இருந்து எனக்கு ஒண்டு நல்லா விளங்கிச்சு, படத்தில ஒரு சின்னப் பிள்ளை வந்தா எங்கட சின்னப் பிள்ளையள் ஹீரோவப் பாக்கிறதில்ல, அந்தப் பிள்ளையத்தான் பாக்குதுகள். நாங்கள் பேட்மேன் என்ன செய்யப் போறார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம், அவன் அந்தப் பொடியனுக்கு இனி ஆர் இருக்கினம் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்திருக்கிறான்.

அதோட நிக்கேல்ல. பொலிஸ் கொமிஷனர்ட தலையில கூடு மாதிரி ஒண்டப் பூட்டி எலியள விடுறது வீடியோவா வரும். மேயர்ட அஞ்சலிக் கூட்டத்துக்குள்ள கழுத்தில குண்டு பூட்டின ஒருத்தரோட கார் சனத்துக்குள்ள பாய்ஞ்சு வரும், அந்தப் பொடியனும் அதுக்கு முன்னாலதான் நிப்பான். இந்தக் காட்சிய நியூயோர்க்கிலயோ லண்டன்லயோ இருக்கிற பிள்ளை எப்பிடிப் பாக்கும் எண்டு எனக்குத் தெரியாது, கொழும்பில 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு வளந்த பிள்ளைக்கு சனம் கூடி நிக்கிற இடத்தில குண்டு எண்டது கதையில வாற விசயம் இல்ல. அப்ப என்ர மகனுக்கு 5 வயசு, பிறகு எத்தினையோ நாள் ஸ்கூல் பேக்க வாசல்ல திறந்து காட்டித்தான் உள்ள போனவன். அண்டைக்கு தியேட்டர்ல எனக்கே அந்த இடத்தில நெஞ்சு அடைச்சது.

கடைசியா எங்கள எழுப்பினது ஒரு சத்தம்தான். செலினா, அதான் கேட்வுமன், அவட சிநேகிதி ஒருத்திய கழுத்த நெரிச்சுக் கொன்றது போன்ல ரெக்கோர்ட் ஆகியிருக்கும், கூரையில நிண்டு அதப் போட்டுக் கேப்பினம். திரையில ஒண்டுமே காட்டேல்ல. அங்க நிண்டு கேக்கிற ஆக்கள்ட முகம் மட்டும்தான், மற்றதெல்லாம் காதால. மகன் ரெண்டு கையாலயும் கண்ணப் பொத்தினவன், கண்ணப் பொத்தி பிரியோசனமில்ல எண்டு கண்டிட்டு காதப் பொத்தினான், பிறகு சத்தமில்லாம அழத் தொடங்கிட்டான். நான் அவனத் தூக்கிக்கொண்டு வெளியில வந்தன், கொஞ்ச நேரத்தில இவரும் மகளும் வந்திட்டினம். வெளியில படிக்கட்டில இருந்து ஒரு ஐஸ்கிறீம் சாப்பிட்டு வீட்ட வந்தம், அவ்வளவுதான் எண்டு நினைச்சன்.

அவ்வளவு இல்ல. அந்த மாசம் முழுக்க கரண்ட் கட், மாசக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போச்சு, பின்னேரத்தில ஹோல்ல ஒரு மெழுகுதிரிதான். மகன் சோபாவில இருக்க மாட்டான், சுவரோட முதுக ஒட்டிக்கொண்டு நிலத்தில இருப்பான். பின்னால ஒருத்தரும் நிக்க ஏலாத இடமாப் பாத்து இருக்கிறான் எண்டு விளங்க எனக்கு ரெண்டு மூண்டு நாள் எடுத்தது. ஒரு நாள் இவர் கனடாவுக்கு அனுப்புறதுக்கு மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் வைச்சு பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர், அந்த மண்ணிறப் பெரிய டேப்ப இழுத்த சத்தத்துக்கு உள் அறையில ஹோம்வேர்க் செய்துகொண்டிருந்த பிள்ளை கத்திக்கொண்டு ஓடி வந்து தகப்பன்ட காலக் கட்டிப்பிடிச்சான். அப்பா நல்லா இருக்கிறாரா எண்டு பாக்க வந்திருக்கிறான். அத என்னால மறக்க ஏலாது. மிச்சப் பெட்டிய கயித்தாலதான் கட்டினவர்.

அதுக்குப் பிறகுதான் இந்த சேர்ட்டிபிகேட் விசயங்கள நான் தேடிப் பாத்தன். அமெரிக்காவில இதுக்கு பிஜி 13, எண்டா 13 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளுக்கு சரிவராத விசயங்கள் இருக்கலாம், தாய் தகப்பன் கவனமா இருக்கோணும் எண்டு, ஆனா உள்ள விடுவினம். இந்த பிஜி 13 எண்ட வகையே 1984ல சில படங்களக் காட்டி பிள்ளையள் பயந்ததெண்டு பெற்றோர் சண்டை பிடிச்சதாலதான் வந்தது. பிரிட்டன்ல இதே படத்துக்கு 15. அங்க 15 எண்டா 15தான், அதுக்குக் குறைஞ்ச பிள்ளைய தாய் தகப்பனோட வந்தாலும் தியேட்டருக்குள்ள விடமாட்டினம். லண்டன்ல இருக்கிற அண்ணாட மகனுக்கு அப்ப 13 வயசு, அவன கூட்டிக்கொண்டு போகேலாமப் போச்சு எண்டு அண்ணா போன்ல சொல்றார், நான் இஞ்ச 8 வயசுப் பிள்ளைய கூட்டிக்கொண்டு போய் வைச்சிருந்திருக்கிறன். போன் வைச்ச பிறகு கன நேரம் அப்பிடியே இருந்தன்.

பேட்மேன் படங்கள் எப்பவும் இந்த எல்லைக்கோட்டிலதான் நிண்டிருக்கு. 1989ல வந்த பேட்மேன் படத்துக்குத்தான் பிரிட்டன்ல 12 எண்ட சேர்ட்டிபிகேட்டே முதல் முதல் குடுத்தவை. 2008ல தி டார்க் நைட்டுக்கு அங்க 12ஏ குடுத்து, பெரியாக்களோட வந்தா சின்னப் பிள்ளையளும் பாக்கலாம் எண்டு விட, நூத்துக்கணக்கில முறைப்பாடு போயிருக்கு. ஏன் இந்த ஹீரோவுக்கு மட்டும் இப்பிடி எண்டா, 1939ல கொமிக்ஸ்ல வந்த நாள்ல இருந்து இவர் இருட்டுக்குள்ள நிண்டு ஆக்களப் பயப்படுத்துற ஆள், பயம்தான் அவர்ட ஆயுதம், ஆனா அவர்ட படம் போட்ட பேக்கும் போத்தலும் பிஜாமாவும் விக்கிறது அஞ்சு வயசுப் பிள்ளையளுக்கு. பிள்ளைக்கு அது ஒரே ஆள்தான். விளையாட்டுச் சாமான் கடையில இருக்கிற ஆளும் இந்தப் படத்தில இருக்கிற ஆளும் வேற வேற எண்டு பிரிச்சுப் பாக்க வேண்டியது நாங்கள்.

இப்ப ரெண்டாம் தரம் பாத்தது. ஹோல் லைட்டப் போட்டு வைச்சுத்தான் பாத்தம், சவுண்ட் குறைச்சு, அவனுக்குத் தேவைப்பட்டா நிப்பாட்டலாம் எண்டு ரிமோட்ட அவன்ட கையில குடுத்தன். ஒரு தரம்தான் நிப்பாட்டினவன், அந்தக் கூரைக் காட்சிக்கு முதல், தண்ணி குடிச்சிட்டு வந்து தானே திரும்பப் போட்டான். 12 வயசில அவனுக்கு விடுகதையள் பிடிச்சிருக்கு, ஆர் கொலைகாரன் ஏன் கொல்றான் எண்டு அக்காவோட போட்டிக்குக் கண்டுபிடிச்சுக்கொண்டிருந்தான். ரிட்லரும் அநாதைப் பிள்ளை, புரூசும் அநாதைப் பிள்ளை, ஏன் ஒருத்தர் இப்பிடி மற்றவர் அப்பிடி எண்டு கேட்டான். இந்தக் கேள்விய 8 வயசுப் பிள்ளை கேக்காது, பயம் அந்த இடத்துக்குப் போகவே விடாது.

அண்டைக்கு நாங்கள் பாக்காம வந்த கடைசிப் பகுதியில என்ன இருக்கெண்டு அப்பதான் நானும் கண்டன். கடல் தடுப்புச் சுவர உடைச்சு நகரத்துக்குள்ள தண்ணி வருது, சனம் எல்லாம் ஒதுங்கின பெரிய அரங்குக்குள்ளயும் தண்ணி. (2025 நவம்பர்ல டிட்வா புயல் வெள்ளத்தில அம்பிட்ட பிள்ளையள் உங்கட வீட்டிலயோ தெரிஞ்ச ஆக்கள்ட வீட்டிலயோ இருந்தா இந்த இடத்தையும் கவனத்தில எடுங்கோ, இருட்டுக்குள்ள தண்ணி ஏறுறது நல்ல நீளமான காட்சி.) படம் தொடங்கேக்க "நான்தான் பழிவாங்கல்" எண்டு சொல்லிக்கொண்டு வந்த பேட்மேன், அதே வசனத்த ரிட்லர்ட ஆள் ஒருத்தன் திருப்பிச் சொல்லக் கேட்டு அப்பிடியே நிக்கிறார். பிறகு தண்ணிக்குள்ள குதிச்சு, சிவப்பு வெளிச்சம் ஒண்டக் கொளுத்திப் பிடிச்சுக்கொண்டு, இடிபாட்டுக்குள்ள மாட்டினவைக்கு கைய நீட்டுறார். பெரியாக்கள் பயந்து நிக்கினம். முதல் கையப் பிடிக்கிறது அந்தப் பொடியன், மேயர்ட மகன்.

எங்கட வீட்டில ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்ல. மகன் ரிமோட்ட எடுத்து அந்த இடத்த திரும்ப ஒருக்காப் போட்டான். "அம்மா, நாங்கள் அண்டைக்கு இதுக்கு முதலே வந்திட்டமே" எண்டான். ஓம், நாலு வருசமா அந்தப் பொடியன் அவன்ட மனசில அந்த வீட்டுக்குள்ளயே தனிய நிண்டிருக்கிறான். அதுக்காக அண்டைக்கு இழுத்து இருத்தி முடிவு வரைக்கும் காட்டியிருக்கோணும் எண்டு நான் சொல்லேல்ல, அழுற பிள்ளைய வைச்சு அந்த வெள்ளத்தையும் துவக்குச் சூட்டையும் காட்டியிருந்தா இன்னும் மோசமாப் போயிருக்கும். கூட்டிக்கொண்டே போயிருக்கக் கூடாது.

ஆகவே என்ர கணக்கு இதுதான். 10 வயசுக்குக் கீழ வேண்டவே வேண்டாம், பிள்ளை எவ்வளவு அழுதாலும், வகுப்பில எல்லாரும் பாத்திட்டினம் எண்டாலும் வேண்டாம். 10, 11 எண்டாலும் நான் காட்டமாட்டன். 12, 13 எண்டா பிள்ளையப் பொறுத்தது, தனிய விடாம பக்கத்தில இருந்து பாருங்கோ, முதல் இருபது நிமிசத்த நீங்கள் தனியப் பாத்திட்டு முடிவெடுங்கோ, அது போதும், படத்தின்ர குணம் முழுக்க அதுக்குள்ள இருக்கு. வீட்டில அண்மையில சாவு நடந்திருந்தா, தகப்பன் வெளிநாட்டில எண்டு பிள்ளை ஏங்கிக்கொண்டிருந்தா, வயசு சரியா இருந்தாலும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ. இரவு போட வேண்டாம், மத்தியானம் போடுங்கோ. கிட்டத்தட்ட மூண்டு மணித்தியாலம், சின்னாக்களுக்கு அந்த நீளமே அலுப்புத்தான், நடுவில கன நேரம் கதைச்சுக்கொண்டே இருப்பினம்.

பெரிய ஆக்களுக்கு எண்டா நான் 5க்கு நாலரை குடுப்பன். அந்த அரை எங்க போச்செண்டா, மாஃபியாத் தலைவன் ஃபால்கோன்ட கதை பிடிபட்ட பிறகு படம் ஒருக்கா முடிஞ்ச மாதிரி வந்திட்டு திரும்பத் தொடங்குது, அந்த இடத்தில இவர் தேத்தண்ணி போட எழும்பிட்டார்.

நேற்று கீழ் மாடி அக்கா படியில வைச்சுக் கேட்டவ, "தங்கச்சி, உங்கட வீட்டில பேட்மேன் படம் ஓடின சத்தம் கேட்டது, எங்கட சின்னவனுக்கும் லீவுக்குப் போட்டுக் காட்டட்டே" எண்டு. சின்னவனுக்கு 7 வயசு. நான் உடன இல்லையக்கா எண்டு சொல்லி, 2017ல வந்த தி லெகோ பேட்மேன் மூவியையும் 2018ல வந்த ஸ்பைடர் மேன் கார்ட்டூன் படம் இன்டூ தி ஸ்பைடர் வேர்ஸையும் எழுதிக் குடுத்தனான். ரெண்டுக்கும் அமெரிக்காவில பிஜிதான், எண்டா பிஜி 13ஐ விட ஒரு படி குறைவு, ஸ்பைடர் மேன்ல தகப்பன்ட சகோதரன் ஒருத்தர் சாகிற இடம் வரும், அதுக்கு மட்டும் பக்கத்தில இருங்கோ எண்டும் சொன்னன். பின்னால நிண்ட என்ர மகன் எட்டிப் பாத்து, "பெரியம்மா, லெகோவ முதல் போடுங்கோ" எண்டான்.